மீன்களின் உடலளவு தொல்காலம் முதல் இன்றுவரை எப்படி மாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்காலத்து மீன்கள் எல்லாமே இன்றைய மீன்களைவிடப் பெரியவையாக இருந்தனவா?

இல்லை. அருங்காட்சியகங்கள் ராட்சத எலும்புகளையே முன்வரிசையில் வைப்பதால் அப்படியோர் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய மீன்களான ஹைகோயிக்திஸ், மில்லோகுன்மிங்கியா ஆகியவற்றின் புதைபடிவங்கள் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், செங்ஜியாங் பகுதிப் பாறைகளில் கிடைத்தன. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, தாடையே இல்லாத அந்த உயிர்களின் நீளம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. அவற்றுக்குப் பின்னும் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள் மீன்குலம் பெரும்பாலும் சிற்றுருவிலேயே இருந்தது. ஒரு மீட்டர் நீளத்தை எட்டியிருக்கக்கூடிய முதல் மீன்களுள் ஒன்றாகக் கருதப்படும் மெகாமாஸ்டாக்ஸ், சுமார் 42.3 கோடி ஆண்டுகளுக்கு முன், அதே யுன்னான் நிலப்பகுதியில் வாழ்ந்தது.

மறுபக்கம், நம் காலத்திலேயே 18 மீட்டர் வரை வளரும் திமிங்கலச் சுறாவும் இருக்கிறது. சுமத்ராவின் கரிச் சதுப்பு நீரில் வாழும், முழு வளர்ச்சியடைந்த பெண் மீனே 7.9 மி.மீ. அளவில் இருக்கக்கூடிய பெடோசிப்ரிஸ் என்ற இனமும் இருக்கிறது. 2021-இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே இறந்து மிதந்த ஒரு சூரியமீன் 2,744 கிலோ எடை இருந்தது. எலும்பு மீன்களில் எடைபோட்டுப் பதிவானவற்றுள் அதுவே மிகக் கனமானது. ஆகவே, "அன்று பெரிது, இன்று சிறிது" என்று ஒரு நேர்கோடு போட முடியாது.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஓர் இனம் மறைந்து இன்னோர் இனம் தலையெடுத்ததால் ஏற்பட்ட மாற்றம் ஒன்று. ஆயிரம், இலட்சம் ஆண்டுகள் என்ற கணக்கில் தட்பவெப்பம் ஏற்படுத்திய மாற்றம் மற்றொன்று. ஒரே இனத்துக்குள்ளேயே, கடந்த சில நூற்றாண்டுகளில், மனிதர்கள் பிடித்துக்கொண்டே இருந்ததால் ஏற்பட்ட மாற்றம் மூன்றாவது. இந்தப் பொருளில் உலவும் பிழையான செய்திகளில் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

மீன்கள் முதன்முதலில் பெருத்தது எப்போது? என்ன காரணம்?

டெவோனியன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கும் 36 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். அதற்குள் தாடை தோன்றிவிட்டது. தாடை இருந்தால்தான் பெரிய இரையைக் கவ்வ முடியும். பெரிய இரை கிடைத்தால்தான் பெரிய உடலைப் பேண முடியும். இதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. நிலத்தில் வேரூன்றிய தாவரங்கள் பரவியபோது, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன், வளிமண்டலத்திலும் கடல்நீரிலும் ஆக்சிஜன் கூடியது என்பதைப் பழைய கடற்படிவுகளில் உள்ள மாலிப்டினம் என்னும் தனிமத்தின் அளவும் ஐசோடோப்பு விகிதமும் காட்டுவதாக 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. செவுள் வழியே மூச்சுவிடும் ஒரு விலங்கு பெரிதாக வளர்ந்து, வேகமாக நீந்தி, வேட்டையாடவும் வேண்டுமென்றால் நீரில் கரைந்த ஆக்சிஜன் தாராளமாக இருக்க வேண்டும். நிலத்தில் செடிகள் வளர்ந்ததற்கும் கடலில் மீன்கள் பெருத்ததற்கும் இப்படியொரு தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்பது இந்தத் துறையில் எனக்குப் பிடித்தமான செய்திகளுள் ஒன்று.

டங்கிளியோஸ்டியஸ் என்ற கவச மீன் 10 மீட்டர் நீளம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அது சரிதானா?

இன்றைய மதிப்பீட்டின்படி அது சரியல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் களிப்பாறைகளில், சுமார் 36 கோடி ஆண்டுகள் பழமையான படிவங்களில் கிடைக்கும் இந்த மீனின் தலையும் மார்பும் மட்டுமே எலும்புத் தகடுகளால் ஆனவை. பின்னுடல் குருத்தெலும்பால் ஆனதால் பெரும்பாலும் எஞ்சவில்லை. தலையை வைத்துக்கொண்டு வாலை ஊகிக்க வேண்டிய நிலையில், முந்தைய ஆய்வாளர்கள் சுறாக்களின் வாயகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை இதற்கும் பொருத்தினார்கள். ஆனால் இந்த மீனின் வாய், அதன் உடலை ஒப்பிடும்போது, சுறாவின் வாயைவிட மிக அகலமானது. 2023-இல் ரஸ்ஸல் எங்கல்மன் வேறொரு வழியை எடுத்தார். கண்குழியிலிருந்து செவுள் மூடியின் பின்விளிம்பு வரையுள்ள தூரம் பெரும்பாலான மீன்களில் மொத்த நீளத்தோடு ஏறக்குறைய நிலையான விகிதத்தில் இருப்பதால், அதை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டபோது கிடைத்தது வழக்கமான முதிர்ந்த மீனுக்கு 3.4 மீட்டர், இருப்பவற்றிலேயே பெரிய மாதிரிக்கு 4.1 மீட்டர். நீளம் குறைந்தாலும், பருத்துத் திரண்ட உடலுடைய அந்த மீன் அதன் காலத்தில் அஞ்சத்தக்க வேட்டை விலங்குதான்.

ஜுராசிக் காலத்தின் லீட்சிக்திஸ் கதையும் இதைப் போன்றதே. சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்ற இந்த எலும்பு மீன் 27 மீட்டர் இருந்ததாக ஒருகாலத்தில் சொல்லப்பட்டது. இங்கிலாந்தின் பீட்டர்பரோ பகுதியில் கிடைத்த எலும்புகளிலும் பிற மாதிரிகளிலும் உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்து, 20 வயதில் 8 முதல் 9 மீட்டரும் 38 வயதில் 16.5 மீட்டரும் இருந்திருக்கலாம் என்று 2013-இல் திருத்தினார்கள். அப்படியும் அதுவரை வாழ்ந்த எலும்பு மீன்களில் அதற்கு இணையில்லை.

அப்படியானால் மெகலோடன் சுறாவின் அளவும் குறைக்கப்பட்டுவிட்டதா?

அங்கே நடந்தது நேர்மாறு. பற்களும் சில முள்ளெலும்புகளுமே எஞ்சியுள்ள இந்தச் சுறாவுக்கு 15 முதல் 20 மீட்டர் என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட அளவு. 2025-இல் வந்த மறுமதிப்பீடு அதிகபட்ச நீளத்தைச் சுமார் 24 மீட்டராக உயர்த்தியது. கூடவே, அது பெரிய வெள்ளைச் சுறாவின் பருத்த வடிவில் இல்லாமல் மெலிந்து நீண்டிருக்கும் என்றும் கூறியது. அது அழிந்தது சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். மனித மூதாதையர்களுக்கும் அந்த அழிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பேரழிவுகள் மீன்களின் அளவை எப்படிப் பாதித்தன?

டெவோனியன் காலத்தின் முடிவில், சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன், ஹாங்கன்பர்க் நிகழ்வு எனப்படும் பேரழிவு நேர்ந்தது. கவச மீன்குலம் முழுவதும் அதில் மறைந்தது. லாரன் சாலன், ஆண்ட்ரூ காலிம்பர்ட்டி ஆகிய இருவரும் 41.9 கோடி முதல் 32.3 கோடி ஆண்டுகள் வரையிலான 1,120 புதைபடிவங்களின் உடலளவைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பேரழிவுக்கு முன் ஏறுமுகமாக இருந்த உடலளவு அதன்பின் சரிந்து, குறைந்தது 3.6 கோடி ஆண்டுகள் தாழ்ந்தே இருந்தது என்று காட்டினர். பேரழிவுக்குப் பின் உயிர்கள் குறுகிப்போகும் இந்தப் போக்கைத் தொல்லுயிரியலாளர்கள் லில்லிபுட் விளைவு என்கிறார்கள்.

காரணம் எளிது. பெரிய மீன் மெதுவாக வளர்கிறது, பல ஆண்டுகள் கழித்தே சினைப்பிடிக்கிறது, எண்ணிக்கையிலும் குறைவாக இருக்கிறது. நிலைமை அடிக்கடி மாறும் கடலில் இந்த நிதானம் அதற்கு எதிராகத் திரும்புகிறது. விரைவில் முதிர்ந்து, அடுத்தடுத்துத் தலைமுறைகளை உண்டாக்கும் சிறு மீன்கள் பிழைத்துப் பெருகுகின்றன. ஆனாலும் இதை விதிவிலக்கற்ற விதியாகக் கொள்ளக் கூடாது. உடலளவு தாழ்ந்திருந்த அந்தக் காலத்திலேயே, நன்னீரில் வாழ்ந்த ரைசோடஸ் என்ற வேட்டை மீன் 6, 7 மீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்தது. சராசரி தாழ்ந்தது என்பதும் பெரியவை அறவே இல்லை என்பதும் ஒன்றல்ல.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து, கடலின் பெரிய எலும்பு மீன்களும் அடிபட்டன. அவற்றுள் ஒன்று, 5 மீட்டர் அளவுக்கு வளர்ந்த ஸிஃபாக்டினஸ். கான்சஸ் மாநில அருங்காட்சியகம் ஒன்றில், சுமார் 1.8 மீட்டர் மீனை முழுதாக விழுங்கிய நிலையில் கல்லாகிப்போன அதன் உடல் இருக்கிறது. லீட்சிக்திஸின் வழிவந்த வடிகட்டி உண்ணும் பெருமீன்களும் அப்போதே முடிந்தன; அந்த இடத்தைப் பின்னர் சுறாக்களும் திருக்கைகளும் திமிங்கலங்களும் எடுத்துக்கொண்டன. ஆனால் இம்முறை பின்விளைவு வேறு விதமாக இருந்தது. ஆழ்கடல் படிவுகளில் புதைந்த நுண்ணிய மீன்பற்களை எண்ணி அளந்தவர்கள், பேரழிவுக்குப் பின் சுறாச் செதில்களை விட எலும்பு மீன்களின் பற்கள் பெருகியதையும், அப்பற்களில் பெரியவை கூடியதையும் கண்டார்கள். இன்று நாம் காணும் மீனுலகின் தொடக்கம் அங்கேதான்.

காலம் செல்லச் செல்ல உயிரினங்கள் பெரிதாகும் என்ற விதி மீன்களுக்குப் பொருந்துமா?

கோப் விதி என்று அறியப்படும் அந்தக் கருத்து கடல் விலங்குகளின் ஒட்டுமொத்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. 17,208 பேரினங்களை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு, சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்ப்ரியன் காலம் தொட்டு அவற்றின் சராசரிப் பருமன் 150 மடங்கு கூடியிருப்பதாகக் கண்டது. ஆனால் இந்த உயர்வில், நிலத்திலிருந்து மீண்டும் கடலுக்குத் திரும்பி, காற்றைச் சுவாசித்து வாழ்ந்த ஊர்வனவும் திமிங்கலங்களும் பெரும்பங்கு வகிக்கின்றன. இன்றைய மீன்களில் மிகப் பெரும்பான்மையான கதிர்த்துடுப்பு மீன்களோ சிற்றுருவத்திலேயே ஆயிரக்கணக்கான இனங்களாகக் கிளைத்துப் பெருகியவை. ஒரு பவளத்திட்டிலோ ஓடையிலோ எத்தனை வகையான இடுக்குகள் உள்ளனவோ, அத்தனை வகையான சிறு மீன்கள் வாழ இடமுண்டு. பெரிய மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடல் வெப்பமடைந்தபோது மீன்கள் சிறுத்ததற்குத் தொல்காலச் சான்று உண்டா?

உண்டு. மீனின் உட்செவியில் சுண்ணாம்பால் ஆன செவிக்கல் ஒன்று இருக்கிறது. அது மீனோடு சேர்ந்து வளர்வதால், செவிக்கல்லின் அளவைக் கொண்டு மீனின் அளவைக் கணக்கிடலாம். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், சுமார் 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கடற்படிவுகளிலிருந்து எடுக்கப்பட்ட விளக்கு மீன்களின் செவிக்கற்களை 2023-இல் ஆராய்ந்தவர்கள், ஒரு பனியுகம் முடிந்து கடல் சுமார் 4 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தபோது, அம்மீன் கூட்டத்தின் சராசரி அளவு 35 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். நடுக்கடலின் இருளில், மனிதக் கை எட்டாத ஆழத்தில், எந்த வலையும் இல்லாத காலத்தில் நிகழ்ந்த சுருக்கம் இது. மீன்பிடிப்பின் விளைவையும் வெப்பத்தின் விளைவையும் பிரித்தறிய இதைவிடத் தூய்மையான சான்று கிடைப்பது அரிது.

தொல்பழங்கால மனிதர்கள் எவ்வளவு பெரிய மீன்களைப் பிடித்தார்கள்?

நாம் எண்ணுவதைவிடப் பெரியவற்றை. காங்கோ நாட்டின் கட்டாண்டா என்ற இடத்தில், செம்லிக்கி ஆற்றங்கரையில், சுமார் 90,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்ட முள்வைத்த எலும்பு ஈட்டிமுனைகளுடன் பெரிய கெளுத்தி மீன்களின் எலும்புகள் கிடைத்தன. கிழக்குத் திமோரின் ஜெரிமலாய் குகையில் 42,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவங்களில் சூரை மீனின் எலும்புகள் இருந்தன.

அளவு ஒப்பீட்டுக்கு மிகவும் பயன்பட்ட இடம் பால்டிக் கடலின் கோட்லாந்து தீவு. அங்குள்ள ஆய்வீடே என்ற புதிய கற்காலக் குடியிருப்பில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மக்கள் தின்று எறிந்த காட் என்னும் குளிர்கடல் உணவு மீன்களின் செவிக்கற்கள் கிடைத்தன. அன்று பிடிபட்ட மீனின் சராசரி நீளம் 56.4 செ.மீ., சராசரி வயது 4.7 ஆண்டு, 1995-இல் பிடிபட்ட மீனுக்கு அவை 49.5 செ.மீ., 3.1 ஆண்டு. இந்த எண்களைவிட முக்கியமானது, செவிக்கல் வளையங்கள் சொன்ன இன்னொரு செய்தி: கற்கால மீன் இளவயதில் இன்றைய மீனைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது, ஆனால் அது எட்டக்கூடிய உச்ச நீளம் சிறியதாகவே இருந்திருக்கிறது. ஆகவே, கற்கால மீன் சராசரியில் பெரிதாக இருந்ததில் அதன் கூடுதல் வயதுக்கும் பங்குண்டு. மீன்களின் அளவைப் பற்றிப் பேசும்போது வயதை மறந்துவிடக் கூடாது என்பதற்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

பழைய குப்பைமேட்டில் கிடைக்கும் எலும்பைக் கொண்டு மீனின் அளவைச் சொல்வது நம்பத்தக்கதா?

முறை நம்பத்தக்கதுதான், மாதிரி எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். இன்றைய மீன்களில் முள்ளெலும்பின் விட்டம், தாடையெலும்பின் நீளம், செவிக்கல்லின் எடை ஆகியவற்றுக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் அளந்து, அந்தச் சமன்பாட்டைப் பழைய எலும்புக்குப் பொருத்துகிறார்கள். ஆனால் அகழாய்வில் மண்ணைச் சலிக்காமல் கையால் மட்டும் பொறுக்கியிருந்தால் பெரிய எலும்புகளே தேறும். நுண்கண் சல்லடையில் சலித்திருந்தால் சிறியவையும் வரும். இவ்விரு முறைகளில் கிடைத்தவற்றை ஒப்பிட்டு "மீன் சிறுத்தது" என்று சொன்னால், உண்மையில் சிறுத்தது சல்லடையின் கண்தான். அன்றைய மக்கள் தூண்டிலிட்டார்களா, ஈட்டி எறிந்தார்களா, அணைப்பட்டி கட்டினார்களா என்பதும் பிடிபடும் அளவை மாற்றும்.

அண்மைக் காலத்தில் மீன்கள் சிறுத்தன என்பதற்குக் குறிப்பான சான்றுகள் எவை?

அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாக் கரையில், சில ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த உணவுக்கழிவு மேடுகளில் கிடைத்த காட் மீன்களின் சராசரி நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கடலில் பிடிபட்டவற்றின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்களவே. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் துறையில், வாடகைப் படகில் சென்று தூண்டிலிட்டவர்கள் தங்கள் பெருமீன்களைத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்ட பழைய ஒளிப்படங்களை லோரன் மெக்ளெனகன் அளந்து, 1956-இல் 19.9 கிலோவாக இருந்த சராசரி எடை 2007-இல் 2.3 கிலோவாக வீழ்ந்ததை 2009-இல் வெளியிட்டார். படங்களில் நிற்பவர்களின் சிரிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட கடலையே இயல்பான கடலாக எடுத்துக்கொள்கிறது என்று மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் எழுதியதற்கு இந்தப் படங்களே போதிய விளக்கம்.

பனாமாவிலும் டொமினிகன் குடியரசிலும் உள்ள, சுமார் 7,000 ஆண்டுகள் பழமையான பவளத்திட்டுகளின் படிவுகளை இன்றைய திட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. சுறாக்கள் 75 விழுக்காடு குறைந்துவிட்டன. மனிதர்கள் பிடிக்கும் மீன்வகைகள் 22 விழுக்காடு சிறுத்துவிட்டன. ஆனால் சுறாக்களுக்கு இரையாகும் சிறு மீன்கள் 17 விழுக்காடு பெருத்து, எண்ணிக்கையில் இருமடங்காகிவிட்டன. பவள இடுக்குகளிலேயே ஒளிந்து வாழும் மிகச் சிறிய மீன்களில் மாற்றமே இல்லை. கடல் முழுவதையும் வெப்பம் ஒன்றே சுருக்கியிருந்தால் ஒரே இடத்தில் ஒரு பிரிவு சிறுத்து மறு பிரிவு பெருத்திருக்காது. வேட்டையாடியை அகற்றியதன் தடம் இது.

பெரிய மீன்களை நாம் பிடித்துவிட்டதால் சிறியவை எஞ்சியிருக்கின்றனவா, அல்லது மீனே மாறிவிட்டதா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. இரண்டும் நடக்கின்றன, எந்த இடத்தில் எது எவ்வளவு என்பதே விவாதம்.

பெரும்பாலான மீன்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எனவே, வயதானவற்றை எடுத்துவிட்டால், மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலே சராசரி அளவு உடனே வீழும். கோட்லாந்தின் காட் மீனிலும் வயதுக்கு ஒரு பங்கு இருந்தது. அலாஸ்காவில் 1957 முதல் 2018 வரை அளக்கப்பட்ட 1.25 கோடி சால்மன் மீன்களின் பதிவுகளிலும், சினூக் சால்மன் 8 விழுக்காடு சிறுத்ததற்கு முதன்மைக் காரணம் அவை முன்னைவிட இளவயதிலேயே கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்புவதுதான்.

ஆனால் பரிணாம மாற்றமும் சாத்தியமே. பெரிதாக வளரும் இயல்புடைய மீன் வலையில் முதலில் சிக்குகிறது. சிறிதாக இருக்கும்போதே சினைப்பிடித்த மீன் சிக்குவதற்கு முன் முட்டையிட்டு விடுகிறது. அடுத்த தலைமுறை யாருடைய வழியில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டேவிட் கானவரும் ஸ்டீஃபன் மன்ச்சும் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு தொகுப்பில் பெரிய மீன்களில் 90 விழுக்காட்டையும் மற்றொன்றில் சிறிய மீன்களில் 90 விழுக்காட்டையும் தலைமுறைதோறும் அகற்றினார்கள். நான்கே தலைமுறைகளில், சிறியவை அகற்றப்பட்ட தொகுப்பின் சராசரி எடை மற்றதைப்போல் ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. இந்த முடிவு 2002-இல் வெளியானது. டிரினிடாட் ஓடைகளின் கப்பி மீன்களிலும், முதிர்ந்த பெரிய மீன்களைத் தின்னும் எதிரிகள் உள்ள நீரில் வாழ்பவை இளமையிலேயே, சிற்றுருவிலேயே முதிர்ச்சியடைகின்றன. எதிரிகளின் வகையை மாற்றினால் 11 ஆண்டுகளில் அந்த இயல்பும் மரபுவழியில் மாறுகிறது.

தொட்டியிலும் ஓடையிலும் நடப்பது பெருங்கடலில் நடக்கிறதா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் வடக்குக் காட் மீன்வளம் சரிந்து 1992-இல் மீன்பிடிப்புக்குத் தடை வருவதற்கு முன்பே, அம்மீன்கள் இளவயதிலும் சிற்றுருவிலும் சினைப்பருவம் எய்தத் தொடங்கியிருந்தன என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் பரிணாம மாற்றத்தின் அறிகுறி என்றது. ஆனால் 1907-இல் நார்வேயிலும் 1940-இல் கனடாவிலும் பிடிக்கப்பட்ட காட் மீன்களின் மரபணுத்தொகுப்பை இன்றைய மீன்களோடு ஒப்பிட்ட 2021-ஆம் ஆண்டு ஆய்வில், பெரிய அளவிலான மரபணு இழப்போ வலுவான மாற்றமோ தென்படவில்லை. பிறகு, கிழக்குப் பால்டிக் காட் மீன்களின் 1996 முதல் 2019 வரையிலான செவிக்கற்களையும் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்த 2025-ஆம் ஆண்டு ஆய்வு, அவை எட்டக்கூடிய நீளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததையும், வேகமாக வளர்பவற்றுக்கு உரிய மரபணு வடிவங்கள் அருகிவந்ததையும் கண்டது. ஆக, ஓரிடத்துக் காட் மீனைக் கொண்டு எல்லாக் கடல்களுக்கும் தீர்ப்பு எழுதுவது சரியல்ல என்பதே இந்த மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது.

புவி வெப்பமாதலால் எல்லா மீன்களும் சிறுத்துவிடுமா?

வெந்நீரில் மீன் விரைவாக வளர்ந்து விரைவில் முதிர்கிறது. ஆனால் முதிர்ந்த அளவு சிறியதாகிறது. இது பரவலாகக் காணப்படும் போக்கு. காரணம் என்ன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உடலின் பருமன் கூடும் வேகத்துக்குச் செவுளின் பரப்பு கூடுவதில்லை, வெந்நீரில் ஆக்சிஜனும் குறைவு, ஆகவே ஓர் எல்லைக்கு மேல் உடல் வளர முடிவதில்லை என்கிறார் பாலி. செவுளும் தேவைக்கேற்ப வளரக்கூடியதே என்று உடலியங்கியலாளர்கள் பலர் மறுக்கிறார்கள். அந்தச் செவுள் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட 2013-ஆம் ஆண்டுக் கணிப்பு, 2000 முதல் 2050 வரை மீன் கூட்டங்களின் சராசரி உச்ச எடை 14 முதல் 24 விழுக்காடு குறையலாம் என்றது. அதே எண்ணைத்தான் செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வடகடலில், நீர் ஒன்றிரண்டு டிகிரி சூடேறிய ஏறத்தாழ 40 ஆண்டுகளில், ஆராயப்பட்ட எட்டு வணிக மீன்வகைகளில் ஆறு சிறுத்தன. ஆனால் ஆஸ்திரேலியக் கரையோரத்தில் 335 மீனினங்களை அளந்தபோது, வெப்பமான நீரில் 55 விழுக்காடு இனங்களே சிறுத்திருந்தன. 45 விழுக்காடு பெருத்திருந்தன. கூட்டம் முழுவதற்கும் சராசரி போட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

பெருத்துவரும் மீன்களும் உண்டா?

உண்டு. மேலே சொன்ன கரீபியன் இரை மீன்கள் ஓர் எடுத்துக்காட்டு. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் பழைய முள்ளெலும்புகளில் வளர்ச்சி வளையங்களை அளந்தவர்கள், அதன் இளமைப் பருவ வளர்ச்சி முந்தைய நூற்றாண்டுகளைவிட அண்மைக் காலத்தில் வேகமாக இருப்பதைக் கண்டார்கள்.

அளவு சற்றுக் குறைந்தால் என்ன கெட்டுவிடும்?

முட்டைதான் கெடும். மீனின் எடை அதன் நீளத்தின் மும்மடிக்கு நெருக்கமாகக் கூடுகிறது; எனவே நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். முட்டை வளமோ பெரும்பாலான இனங்களில் எடையைவிடவும் செங்குத்தாக ஏறுகிறது. 342 மீனினங்களை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் தேவை. முட்டைகளின் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் 37 மீன்கள் வேண்டும். ஒரே எடை மீன் கடலில் இருந்தாலும், அது சில பெரிய மீன்களாக இருக்கிறதா பல சிறிய மீன்களாக இருக்கிறதா என்பதில் அடுத்த தலைமுறையின் அளவு அடங்கியிருக்கிறது.

பிடிப்பதை நிறுத்தினால் பழைய அளவு திரும்புமா?

வயதானவற்றை அகற்றியதால் வந்த சரிவு, மீன்களை வயதாக விட்டால் திரும்பும். அதற்கு ஓர் இனத்தின் ஆயுட்காலம் அளவுக்குப் பொறுமை வேண்டும். மரபுவழி மாற்றம் அவ்வளவு எளிதில் திரும்பாது. கானவர் குழுவினர் ஐந்து தலைமுறைகளுக்குப் பின் சில்வர்சைடு மீன்களில் தேர்வை நிறுத்தி மேலும் ஐந்து தலைமுறைகள் கவனித்தபோது, அளவு மெல்ல மீண்டது. ஆனால் முழுமையாக மீளக் குறைந்தது 12 தலைமுறைகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சில்வர்சைடுக்கு ஓராண்டு ஒரு தலைமுறை. காட் போன்ற, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை காணும் மீனுக்கு அதே கணக்கைப் பொருத்தினால் அறுபது எழுபது ஆண்டுகள் வருகிறது. நியூஃபவுண்ட்லாந்தில் 1992-இல் தற்காலிகமாக என்று சொல்லி விதிக்கப்பட்ட வணிகத் தடை 2024-இல்தான் விலக்கப்பட்டது. அப்போதும் குறைந்த ஒதுக்கீட்டுடன்தான்.

சிறு மீனைப் பிடிக்காதே, பெரியதைப் பிடி என்ற குறைந்தபட்ச அளவு விதி நல்ல எண்ணத்தில் போடப்பட்டதே. ஆயினும் பெரிய மீன்களின் மேலேயே முழுச் சுமையையும் ஏற்றி, சில்வர்சைடு தொட்டியில் நடந்ததைக் கடலில் நடத்திக்காட்டும் ஆபத்து அதில் இருக்கிறது. அதனால் சில மீன்வளங்களில், குறிப்பிட்ட இடைப்பட்ட அளவுள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மிகச் சிறியவற்றையும் மிகப் பெரியவற்றையும் திரும்ப நீரில் விடும் விதி நடைமுறையில் உள்ளது. தூண்டிலில் பிடிப்பவர்களுக்கு இது எளிது. ஆழத்திலிருந்து இழுவலையில் மூட்டையாக ஏறும் மீன்களில் பெரியவற்றைப் பிரித்து உயிரோடு திரும்ப விடுவது பெரும்பாலும் இயலாது. அங்கே கைகொடுப்பவை, மீன்பிடிப்பை முற்றிலும் விலக்கிய கடற்பகுதிகளும், ஆண்டுதோறும் பிடிக்கும் மொத்த அளவைக் குறைப்பதும்தான்.